எண்ணெய்த் தலையும் பெல்ட் கயிறும்

சென்னை
12.6.1985

அண்ணனுக்கு,

சந்திரா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். படிக்க மனமில்லை என்றால் அண்ணியிடமாவது கொடுங்கள்.

நான் டெக்னீசியனாக இருக்கிற ஆஸ்பத்திரியில், அடுத்த மாதம் ஆபரேஷன் ஆகப் போகிறவர்களின் கேஸ் ஷீட்டுகள் நேற்று எங்கள் அறைக்கு வந்தன. ஒன்றில் எம். தனகோட்டி, நெய்வேலி மைன்ஸ் என்று இருந்தது. உலகத்தில் எத்தனையோ தனகோட்டி இருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடையாளம் என்ற இடத்தில் "இடது புருவத்தில் தழும்பு" என்று எழுதியிருந்தது. சின்ன வயதில் நான் எறிந்த கொட்டாங்குச்சியால் வந்த தழும்பு அது. அதற்கு மேல் சமாதானம் சொல்ல முடியவில்லை.

உங்கள் நெஞ்சுக்குள் பெரிய ரத்தக் குழாய் வீங்கியிருப்பதை நான் ஒரு காகிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். நம் அமுதா பெரியவளான சேதியும் இப்படித்தான் வந்தது. ஊர்ப்பக்கம் குள்ளஞ்சாவடிச் சந்தையில் யாரோ யாரிடமோ சொல்லி, என் காதுக்கு வரும்போது சடங்கெல்லாம் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. அத்தை நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற யாரைக் கூப்பிட்டீர்கள்? இதைக் கேட்கக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன்.

சொல்ல வந்தது வேறு. ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். நெஞ்சு வலித்தால் வாயு என்று சொல்லிப் பூண்டைத் தின்றுவிட்டு டியூட்டிக்குப் போகிற ஆள் நீங்கள். இது வாயு இல்லை. வீங்கிய குழாய் சொல்லிவிட்டு வெடிக்காது.

சந்திரா

*

நெய்வேலி, பிளாக் 18
19.6.1985

சந்திராவுக்குத் தனகோட்டி எழுதுவது.

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. உன் அண்ணி மாணிக்கம்மாள் அதைப் படித்துப் படித்து அழுது, இப்போது அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

பூண்டு தின்றது உண்மை. கம்பெனியில் வழக்கமாக எடுக்கிற மெடிக்கல் செக்கப்பில், நுரையீரலில் தூசி இருக்கிறதா என்று நெஞ்சைப் படம் எடுத்தார்கள். தூசி இல்லை, இது இருந்தது. உங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஊசி போட்டு, இன்னும் படம் எடுத்து, நாள் குறித்துக் கொடுத்தார்கள். நீ எந்த ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

ஆபரேஷனுக்கு நான் வரப் போவதில்லை. அங்கே ஒரு சின்ன டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "உசுருக்கு ஆபத்து இல்லாம பாத்துக்குவோம். ஆனா சில பேருக்கு இடுப்புக்குக் கீழ செயல் இல்லாம போயிடும். முன்கூட்டியே சொல்ல முடியாது." அந்தப் பிள்ளை உண்மை பேசியது, அதற்கு நன்றி. நான் பெல்ட் ஆபரேட்டர். சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி வருகிற பெல்ட் கூடவே தலையிலிருந்து வால் வரைக்கும் நடப்பதுதான் என் வேலை. இந்தக் காலை வைத்துத்தான் பர்மனென்ட் ஆனேன், குவார்ட்டர்ஸ் வாங்கினேன். அந்தக் குவார்ட்டர்ஸில் என் பொண்டாட்டியும் மகளும் என்னைத் தூக்கிக் கக்கூசில் உட்கார வைக்கிற பிழைப்பு எனக்கு வேண்டாம். போனால் ஒரேயடியாகப் போகட்டும்.

அமுதா சடங்கைப் பற்றிக் கேட்டாய். தட்டு மாற்றின பிறகு மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நிற்க வைத்துவிட்டு, டெக்னீசியன் படிக்கிறேன் என்று மெட்ராஸ் பஸ் ஏறினவள் நீ. அந்த மாப்பிள்ளை சங்கரலிங்கம் இன்றைக்கும் என்னோடு ஒரே ஷிப்ட் பஸ்ஸில்தான் வருகிறான். ஆறு வருஷமாக நான் ஜன்னல் பக்கமே பார்த்துகினு போகிறேன். "இனி உன் கால் என் வூட்டு வாசல்ல படக்கூடாது"ன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தனகோட்டி

*

சென்னை
25.6.1985

அண்ணனுக்கு,

உங்கள் வீட்டு வாசலுக்கு நான் வரவில்லை. உங்களைத்தான் எங்கள் வாசலுக்கு வரச் சொல்கிறேன்.

அந்த டாக்டர் பாதி சொன்னார். மீதியை நான் சொல்கிறேன், என் வேலையே அதுதான். முதுகெலும்புக்குள் தண்டுவடம் என்று ஒரு நரம்புக் கட்டு இருக்கிறது. காலும் தலையும் பேசிக்கொள்வது அதன் வழியாகத்தான். அதற்கு ரத்தம் கொடுப்பது பெரிய குழாயிலிருந்து பிரிகிற சின்னச் சின்னக் கிளைகள். வீங்கின துண்டை வெட்டி வேறு குழாய் வைத்துத் தைக்க வேண்டுமென்றால், மேலும் கீழும் இடுக்கி போட்டு அடைக்க வேண்டும். அப்போது கிளைகள் வறண்டு போகும். எந்தக் கிளை முக்கியம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இங்கே போன வருஷம் ஒரு மெஷின் வந்தது. நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போது கணுக்காலில் லேசாகக் கரண்ட் கொடுப்போம். அந்தச் சேதி தண்டுவடத்தில் ஏறித் தலைக்கு வரும். தலையில் ஒட்டின ஒயர் அதைப் பிடித்துத் திரையில் கோடாகக் காட்டும். கோட்டில் மேடு இருந்தால் தண்டுவடத்துக்கு ரத்தம் போகிறது. மேடு சரிந்தால் போகவில்லை. சரிந்த உடனே சொன்னால், டாக்டர் ஏதாவது செய்ய நேரம் இருக்கும்.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இந்த மெஷின் கீழிருந்து மேலே வருகிற சேதியைத்தான் பார்க்கும். மேலிருந்து காலுக்குப் போகிற உத்தரவை அது பார்க்காது. கோடு நன்றாக இருந்தும் ஒருவருக்குக் கால் வராமல் போயிருக்கிறது. அந்த அம்மாள் வார்டில் இருந்தவரைக்கும் நான் சாப்பிடப் போகும்போது சுற்று வழியில் போனேன். அப்படியும் சொல்கிறேன், மெஷின் இல்லாமல் செய்வதற்கு இருந்து செய்வது எவ்வளவோ மேல். ஆபரேஷனே வேண்டாம் என்பதற்குப் பெயர் வேறு. அமுதா கல்யாணத்தில் உங்கள் போட்டோவுக்கு மாலை போட வேண்டியிருக்கும்.

உங்களுக்கு மெஷின் பார்க்கப் போவது எங்கள் மேடம். சொந்தக்காரி உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நல்ல கை அவருக்கு. தைரியமாக வாருங்கள்.

சந்திரா

*

நெய்வேலி, பிளாக் 18
3.7.1985

சந்திராவுக்கு,

கடிதத்தை என் சிநேகிதன் பீர் முகமதிடம் காட்டினேன். அவன் அடுத்த பெல்ட்டில் ஆபரேட்டர். படித்துவிட்டு, "தலீவரே, இது காலியாத் திரும்பிப் போற நம்ம ரிட்டர்ன் பெல்ட் கதைதான். மேல வர்றத பாக்குறாங்க, கீழ போறத பாக்க முடியல. அவ்வளவுதானே? வர்ற பெல்ட் நின்னா லைனே நின்னுதுன்னு நாம தெரிஞ்சுக்க மாட்டமா?" என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது.

வருகிறேன். ஆனால் ஒரு கண்டிஷன். மேடம் வேண்டாம், நீ உட்காரு.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் பெல்ட்டின் இரண்டு பக்கமும் ஓரமாகக் கயிறு ஓடும். தப்பாக ஏதாவது கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். காண்ட்ராக்ட் ஆள்கூட இழுக்கலாம். இழுத்தால் மொத்த பெல்ட்டும் நிற்கும். நின்றால் அந்த ஷிப்ட் உற்பத்தி போச்சு. இன்ஜினியர் ஜீப்பில் பறந்து வருவார். அதனால் புது ஆட்கள் பயப்படுவார்கள். கல்லா, நிழலா, இன்னொரு தடவை பார்க்கலாமா என்று யோசிப்பார்கள். யோசிக்கிற நேரத்தில் பெல்ட் கிழிந்துவிடும். எங்கள் செக்ஷனில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இழுத்தவன் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. கயிற்றிலிருந்து கையை எடுக்காமல் நிற்க வேண்டும். பெல்ட்டைப் பார்த்து முடிக்கிறவரைக்கும் அவனை ஒருத்தரும் ஏன் இழுத்தாய் என்று கேட்கக் கூடாது.

உங்கள் மேடம் நல்லவராக இருக்கலாம். ஆனால் பெரிய டாக்டர் முறைத்தால் யோசிப்பார். நீ யோசிக்க மாட்டாய். தட்டு மாற்றின கல்யாணத்தையே நிறுத்தினவள்.

கோபத்தில் எழுதவில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

தனகோட்டி

*

சென்னை
11.7.1985

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பெரிய டாக்டரிடமே படித்துக் காட்டினேன். கல்யாணம் நின்ற வரியை மட்டும் விட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "கை நடுங்குமா உனக்கு?"

"நடுங்கும் சார். கோடு பாக்குறதுக்குக் கை வேணாமே," என்றேன்.

மேடம் பக்கத்தில் நிற்பார். நான் உட்காருவேன். ஜூலை 29 அன்று அட்மிஷன். வெற்றிலைப் பெட்டியை நெய்வேலியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சந்திரா

*

நெய்வேலி, பிளாக் 18
16.9.1985

அன்புள்ள சந்திராவுக்கு அண்ணன் எழுதிக்கொண்டது.

வீடு வந்து சேர்ந்தோம். பிளாக்கில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். காரிலிருந்து வாசல் வரைக்கும் ஒரு பக்கம் பீர் முகமது, ஒரு பக்கம் உன் அண்ணி. ஆனாலும் கால் என்னுடைய கால். வலது கால் நன்றாக இருக்கிறது. இடது கால் சோம்பேறி. இழுத்துகினு வருகிறது, ஆனால் வருகிறது. தரை சில்லென்று இருப்பது தெரிகிறது. எறும்பு கடித்தால் தெரிகிறது. நேற்று எறும்பு கடித்ததற்கு உட்கார்ந்து சிரித்தேன், அமுதா பயந்துவிட்டாள்.

அங்கே இருந்தவரைக்கும் உன்னிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. முதலில் வாயில் குழாய். குழாயை எடுத்த பிறகும் வரவில்லை. காகிதம் என்றால் வருகிறது.

முதலில் எண்ணெய் விஷயம். உன் அண்ணி இன்னும் அதற்கு அழுகிறாள். பெரிய காரியத்துக்குப் போகிற மனுஷனைத் தலை காய்ந்து பரதேசி மாதிரி அனுப்புவதா என்று, கிளம்புகிற அன்றைக்கு அரைப்படி நல்லெண்ணெயை என் தலையில் வைத்துத் தேய்த்தாள். பத்தாது என்று ஆஸ்பத்திரியிலும் தேங்காய் எண்ணெய். நீ சாயங்காலம் ஒயர் ஒட்டிப் பார்க்க வந்தாய். ஒன்று ஒட்டினால் ஒன்று வழுக்கிகினு விழுந்தது. நீ போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. மறுநாள் போகிற வருகிற நர்ஸெல்லாம் "எண்ணெய்த் தலை கேஸ் இதுதானா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

அதற்குப் பிறகு நீ சீயக்காய் வாங்கி வந்து, என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, என் தலையைக் குனிய வைத்துத் தேய்த்தாயே. அம்மா போன பிறகு நான்தான் உனக்குத் தலை தேய்த்துவிடுவேன். கண்ணில் பட்டுவிட்டது என்று கத்துவாய். அன்றைக்கு என் கண்ணில் பட்டது. நான் கத்தவில்லை. சீயக்காய்தான் என்று நீ நினைத்திருப்பாய்.

இப்போது ஒன்று கேட்கிறேன். உள்ளே என்ன நடந்தது? பெரிய டாக்டர் "உன் சிஸ்டரைக் கேள்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். உன்னைக் கேட்டால் "ஒன்றுமில்லை, தூங்குங்கள்" என்றாய். கயிற்றை இழுத்தாயா?

மறைக்காமல் எழுது. என் கால், எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அண்ணன்
தனகோட்டி

*

சென்னை
28.9.1985

அன்புள்ள அண்ணனுக்கு,

இழுத்தேன்.

இடுக்கி போடுகிறவரைக்கும் கோடு மேடும் பள்ளமுமாக அழகாக இருந்தது. போட்ட கொஞ்ச நேரத்தில் மேடு குறைய ஆரம்பித்தது. "சார், கோடு போகுது" என்றேன். அவர் கையை நிறுத்தாமலே, "ஒயரைப் பாரும்மா, எண்ணெய்த் தலை" என்றார். ரெண்டு பேர் சிரித்தார்கள். மேடம் குனிந்து துணிக்கடியில் ஒயரைத் தேடப் போனார். முறைப்படி அதைத்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்து, திரும்ப ஒட்டி, திரும்பக் கோடு வருவதற்குக் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் உங்கள் தண்டுவடத்துக்கு இல்லை.

நான் எழுந்து நின்றேன். "ஒயர் இல்ல சார். அந்தத் தலையை நானே தேய்ச்சேன். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. கோடுதான் போகுது" என்றேன். தியேட்டருக்குள் எனக்கே கேட்காத குரலில் பேசுகிறவள் நான், அன்று கத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கீழ்ப்பாதி உடம்புக்குப் பம்ப் வழியாகப் போகிற ரத்தத்தின் பிரஷரை ஏற்றச் சொன்னார் டாக்டர். ஏற்றினார்கள். வரவில்லை. கோடு படுத்தே விட்டது. "வந்துச்சா?" என்றார். "இல்ல சார்." மறுபடி கேட்டார். "இல்ல." அப்போதுதான் அவர், கட்டிப் போட்டுவிடலாம் என்று வைத்திருந்த ஒரு கிளையை எடுத்து, புதுக் குழாயில் ஓட்டை போட்டு அதில் தைத்தார். தைக்கிறவரைக்கும் நான் உட்காரவில்லை. மேடம் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார், வேண்டாம் என்றேன். இழுத்தவள் நகரக் கூடாது என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள். மெஷினின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

பிறகு ஒரு சின்ன மேடு வந்தது. எனக்கு நம்பிக்கை இல்லை, ஆசையில் தெரிகிறதோ என்று நினைத்தேன். "மேடம், நீங்க பாருங்க" என்றேன். அவர் பார்த்துவிட்டு, "வருது சந்திரா" என்றார். டாக்டர் "ம்" என்றார். அந்த ஒரு "ம்" எனக்குச் சாகிறவரைக்கும் போதும்.

உங்கள் இடது கால் இழுப்பது நான் சொன்ன அந்தக் கீழே போகிற வழி. என் கோட்டில் அது தெரியவில்லை. நீங்கள் கண் விழித்ததும் வலது கால் கட்டைவிரல் ஆடியது. இடது ஆடவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு அதையே பார்த்தேன். மறுநாள் விடிந்து அது ஆடினபோது நான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். கூட்டிப் பெருக்குகிற அம்மா, "யாரு போனது கண்ணு?"ன்னு கேட்டாங்க. "யாரும் போகல ஆயா, வந்துட்டாரு"ன்னு சொன்னேன்.

எனக்கு நன்றி சொல்லாதீர்கள். நன்றி சொல்ல எனக்குத்தான் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு சின்னப் பெண் சொன்னதை நம்பிக் கையைத் திருப்பின டாக்டர். கயிற்றைப் பற்றி எழுதின நீங்கள். முக்கியமாக அண்ணி. அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் எண்ணெய் வைக்காமல் இருந்திருந்தால் நான் உங்கள் தலையைத் தேய்த்திருக்க மாட்டேன். தேய்க்காமல் இருந்திருந்தால் நானும் மேடம் மாதிரி ஒயரைத் தேடித்தான் போயிருப்பேன்.

அந்த நல்லெண்ணெய் ஒவ்வொரு சொட்டுக்கும் அண்ணிக்கு நான் கடமைப்பட்டவள்.

உங்கள் தங்கை
சந்திரா

*

நெய்வேலி, பிளாக் 18
24.10.1985

அன்புள்ள சந்திராவுக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்கு நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எண்ணெய் வரி வந்ததும் அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். திரும்பி வரும்போது பழைய மாணிக்கம்மாளாக வந்தாள். இப்போது பிளாக் முழுக்க அவள் எண்ணெய்தான் என் காலைக் காப்பாற்றினது என்று பேச்சு. நானும் மறுக்கவில்லை, மறுத்தால் சோறு கிடைக்காது.

மறுபடி மெடிக்கல் போர்டுக்குப் போனேன். பெல்ட்டுக்கு அனுப்ப மாட்டார்களாம். மேலே டூல் ரூமில் ஜெனரல் ஷிப்ட். முதல் நாள் கஷ்டமாகத்தான் இருந்தது, பெல்ட் சத்தம் இல்லாமல் காது அடைத்த மாதிரி. ஆனால் டூல் ரூமிலும் ரேக்குக்கு ரேக் நடக்க வேண்டியிருக்கிறது. நடக்கிறேன். ஒவ்வொரு நடைக்கும் உன்னை நினைக்கிறேன் என்று எழுதினால் பொய். இடது கால் தட்டும்போது மட்டும் நினைக்கிறேன். அது அடிக்கடி தட்டுகிறது.

இன்னொரு சேதி. சங்கரலிங்கம் வீட்டுக்கு வந்தான், பொண்டாட்டி பிள்ளைகளோடு, ஹார்லிக்ஸ் பாட்டில் எடுத்துகினு. ரொம்ப நேரம் ஃபேனையே பார்த்துகினு இருந்தான். பிறகு சொன்னான்: "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. உங்க தங்கச்சி அன்னிக்கு பஸ் ஏறிப் போனது நல்லதாப் போச்சுங்க. இல்லன்னா எங்க வூட்டுல சோறு ஆக்கிகினு இருந்திருப்பாங்க, உங்களுக்கு யாரு மெஷின் பாத்திருப்பா?" அவன் பொண்டாட்டி அவன் தொடையில் கிள்ளினாள். நான் சிரித்தேன், தையல் போட்ட இடம் வலிக்கிற அளவுக்கு. ஆறு வருஷம் ஜன்னல் பக்கம் பார்த்துகினு போனேனே, எவ்வளவு வீண். இப்போது ஒரே பஸ் அமைகிற நாளில் அவன்தான் எனக்கு இடம் போட்டு வைக்கிறான்.

நன்றி சொல்லாதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். சொல்லத்தான் செய்வேன், நீ யார் என்னைத் தடுக்க? எந்த வாசலில் உன் கால் படக் கூடாது என்றேனோ, அந்த வாசலை நான் தாண்டுவது உன்னால்தான்.

தீபாவளி வருகிறது. உன் அண்ணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், இந்த வருஷம் என் தலையில் எண்ணெய் வைக்க மாட்டாளாம். அன்றைக்கு எண்ணெயைக் கழுவின கைதான் வைக்க வேண்டுமாம். எனக்கு வைத்துவிட்டு அமுதாவுக்கும் நீதான் வைக்க வேண்டும், அத்தை பாக்கி ஒன்று இருக்கிறது என்று அவளே சொல்கிறாள். எவ்வளவு வேண்டுமானாலும் வை. அன்றைக்கு எவனும் ஒயர் ஒட்டப் போவதில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க அமுதாவை அனுப்பவில்லை. போஸ்ட் ஆபீசுக்கு நானே நடந்து போகிறேன். கூட பீர் முகமது சைக்கிளைத் தள்ளிகினு வருகிறான், விழுந்தால் தூக்கிப் போட்டுகினு போக. விழ மாட்டேன்.

எந்த பஸ் என்று எழுது. மெட்ராஸ் பஸ் நிற்கிற வடக்குத்து நிறுத்தத்தில் உட்கார பெஞ்சு இருக்கிறது. நான் உட்கார மாட்டேன். நீ இறங்குகிறவரைக்கும் நின்றுகொண்டிருப்பேன், வந்து பார்.

உன் அண்ணன்
தனகோட்டி